படிவம் அனுப்பிய பிறகு அடுத்த பக்கத்தில் தரவு ஏன் வெறுமையாகிறது?

கேள்வியின் சாரம் இது: சர்வரில் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பியில் ஒரு பதிவுப் படிவம் எழுதியிருக்கிறீர்கள். பயனர் பெயர், மின்னஞ்சல், முகவரி ஆகியவற்றை நிரப்பி அனுப்பியதும் 'சேமி' என்ற கோப்பு அவற்றைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, 'நன்றி' என்ற பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே பயனரின் பெயரைக் காட்ட முயன்றால் படிவத் தரவு வந்து சேரும் போஸ்ட் மாறி வெறுமையாக இருக்கிறது. திருப்பிவிடாமல் 'சேமி' கோப்பிலேயே நன்றியை அச்சிட்டால் பெயர் வருகிறது. ஆனால் பக்கத்தைப் புதுப்பித்தால் அதே பதிவு இரண்டாவது முறையும் சேர்ந்துவிடுகிறது. இரண்டில் எதை விடுவது என்று கேட்கிறீர்கள்.

திருப்பிவிடுவதை விடாதீர்கள். அதுதான் சரியான அமைப்பு. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரவை 'அனுப்புகிறது' என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இணையத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் உலாவி சர்வரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறது, சர்வர் மறுமொழி தருகிறது, அத்துடன் அந்த உரையாடல் முடிந்துவிடுகிறது. எச்டிடிபி நெறிமுறை முந்தைய கோரிக்கையை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவுகளை அழிக்காதே என்ற தெரிவை இயக்கிவிட்டுப் படிவத்தை அனுப்பிப் பாருங்கள். இரண்டு வரிகள் தெரியும். முதல் வரி 'சேமி' கோப்புக்குப் போன போஸ்ட் கோரிக்கை, அதாவது தரவைச் சுமந்துபோகும் வகை. அதன் உடலில் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், மறுமொழியின் நிலைக் குறியீடு 302 என்றும், மறுமொழியின் தலைப்பகுதியில் வரும் லொகேஷன் ஹெடரில் நன்றிப் பக்கத்தின் முகவரி என்றும் இருக்கும். இரண்டாவது வரி நன்றிப் பக்கத்துக்குப் போன கெட் கோரிக்கை, அதாவது பக்கத்தைக் கேட்டு வாங்கும் வகை. அதற்கு உடலே இருக்காது. சர்வர் உங்கள் தரவைத் தொலைக்கவில்லை. "அங்கே போய்க் கேள்" என்று உலாவியிடம் சொன்னது, உலாவி வெறுங்கையோடு போய்க் கேட்டது, அவ்வளவுதான்.

இந்த 302 பற்றி ஒரு சிறு விலகல். போஸ்ட் கோரிக்கைக்கு 302 வந்தால் அதே முறையிலேயே புதிய முகவரிக்குப் போக வேண்டும் என்பதே முதலில் நினைத்திருந்த பொருள். உலாவிகளோ அதைக் கெட் ஆக மாற்றிவிட்டன, அந்தப் பழக்கமே நிலைத்துவிட்டது. 1999இல் வெளியான எச்டிடிபி 1.1 ஆவணத்தில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் இரண்டு குறியீடுகள் இருக்கின்றன: 303 என்றால் கெட் முறையில் போய்ப் பார், 307 என்றால் முறையையும் உடலையும் மாற்றாமல் அப்படியே கொண்டுபோ. 307 போட்டால் உங்கள் போஸ்ட் தரவு நன்றிப் பக்கத்துக்கு வந்து சேரும் என்பது உண்மைதான். ஆனால் புதுப்பிக்கும்போது மறுபடி அனுப்பப்படும் தொல்லையும் கூடவே அங்கே வந்து சேரும். நீங்கள் சொல்ல நினைப்பது 303. பிஎச்பியின் ஹெடர் செயற்கூறு தானாக 302 அனுப்பும், மூன்றாவது அளவுருவில் 303 என்று கொடுத்துவிடலாம். அதற்கு அடுத்த வரியிலேயே எக்ஸிட் எழுத மறக்க வேண்டாம். லொகேஷன் ஹெடர் அனுப்பியதால் மட்டும் நிரல் நின்றுவிடுவதில்லை, கீழே உள்ள வரிகள் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். "தரவை எப்படிக் கொண்டுபோவது" என்று கேட்பதற்கு முன்னால் "இந்தத் தரவு எங்கே இருக்க வேண்டியது" என்று கேட்டுக்கொள்வதுதான் என் வழக்கம். உங்கள் விஷயத்தில் விடை கண்ணெதிரே இருக்கிறது: பெயரும் மின்னஞ்சலும் ஏற்கெனவே தரவுத்தளத்துக்குப் போய்விட்டன. அவற்றை மறுபடியும் மூட்டை கட்டி அடுத்த பக்கத்துக்குச் சுமந்துபோக வேண்டிய தேவையே இல்லை. எந்தப் பதிவு என்று அடையாளம் காட்டும் ஒரு சீட்டு மட்டும் போனால் போதும். நன்றிப் பக்கம் அந்தச் சீட்டைப் பார்த்துத் தரவுத்தளத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். இதில் கூடுதல் நன்மை ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் உண்மையில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் பயனர் பார்க்கிறார். பெயர் புலத்தின் நீளம் போதாமல் பாதியில் வெட்டப்பட்டிருந்தாலோ, எழுத்துக் குறியாக்கம் தவறித் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். போஸ்ட் தரவையே திருப்பிக் காட்டினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

சீட்டை எப்படிக் கொடுப்பது என்பதில் எச்சரிக்கை தேவை. நன்றிப் பக்கத்தின் முகவரியில் பதிவு எண் 512 என்று வைத்து, அந்த எண்ணுக்குரிய விவரங்களைக் காட்டுவதுதான் பலரும் முதலில் எழுதுவது. யாராவது முகவரிப் பட்டையில் 512ஐ 511 ஆக மாற்றினால் முந்தைய ஆளின் மின்னஞ்சலும் வீட்டு முகவரியும் திரையில் வந்து நிற்கும். இதற்குத் திறமையான ஊடுருவல்காரர் தேவையில்லை. ஆர்வமுள்ள எவரும் செய்துபார்ப்பார். பயனர் உள்நுழைந்தவராக இருந்தால், பதிவு எண்ணோடு உரியவரின் எண்ணையும் சேர்த்தே தரவுத்தளத்தில் தேட வேண்டும். உள்நுழையாதவராக இருந்தால், பதிவு எண்ணை முகவரியில் வைக்காமல் செஷனில், அதாவது அந்தப் பயனருக்கென்று சர்வர் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைக்கலாம். அல்லது பதிவு எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத ஒரு சீரற்ற டோக்கனை முகவரியில் வைக்கலாம். பிஎச்பியில் ரேண்டம் பைட்ஸ் செயற்கூறிடம் 16 பைட்டுகள் கேட்டு அவற்றைப் பதினறும எழுத்துகளாக மாற்றினால் 32 எழுத்துகள் கொண்ட டோக்கன் கிடைக்கும். நேரத்தை வைத்து ஹாஷ் செய்வது (ஒரு சூத்திரத்தால் குழப்பமான எழுத்துவரிசையாக மாற்றுவது), பதிவு எண்ணை எம்டி5 என்ற ஹாஷ் ஆக்குவது போன்ற குறுக்கு வழிகள் சீரற்றவை போலத் தோன்றும், ஆனால் ஊகித்துவிடக்கூடியவை.

செஷனா, முகவரியா? பயனர் அந்தப் பக்கத்தைப் பிறகு திரும்பவும் திறக்க வேண்டுமா என்பதுதான் என் அளவுகோல். விண்ணப்ப நிலையை அடுத்த வாரம் வந்து பார்க்க வேண்டும், சுட்டியை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றால் டோக்கன் முகவரியில் இருக்கட்டும். ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் நன்றிப் பக்கம் என்றால் செஷன் போதும்.

செஷன் என்பது மந்திரம் எதுவும் இல்லை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1994இல் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கிதான், அதாவது சர்வர் கொடுத்து உலாவி சேமித்துவைக்கும் சிறு துணுக்குதான், அதன் அடித்தளம். சர்வர் ஒரு சீரற்ற அடையாளத்தைக் குக்கியாகக் கொடுக்கிறது, உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைத் திருப்பிக் காட்டுகிறது, சர்வர் அந்த அடையாளத்துக்குரிய கோப்பைத் திறந்து பார்க்கிறது. ஆகவே "செஷனில் போட்டேன், அடுத்த பக்கத்தில் காணவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் செஷன் இல்லை, குக்கி. நான் பார்த்தவரை அடிக்கடி நேர்வது இதுதான்: படிவம் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' இல்லாத முகவரியில் திறந்திருக்கும், திருப்பிவிடும் வரியிலோ அதோடு கூடிய முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். உலாவிக்கு அவை இரண்டு வெவ்வேறு தளங்கள், முதல் தளத்தின் குக்கி இரண்டாவதற்குப் போகாது. இன்னொரு காரணம், நன்றிப் பக்கத்தில் செஷன் ஸ்டார்ட் எழுத மறப்பது. மூன்றாவது, செஷன் தொடங்கும் முன்பே ஏதோ ஒன்று அச்சாகிவிடுவது: பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி, அல்லது எடிட்டர் கண்ணுக்குத் தெரியாமல் கோப்பின் தலையில் சேர்த்த பிஓஎம் எழுத்து. 'ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்ற எச்சரிக்கை வந்தால் அங்கேதான் தேட வேண்டும். உங்கள் கணினியில், அச்சாவதை உடனே அனுப்பாமல் தேக்கிவைக்கும் அவுட்புட் பஃபரிங் இயங்கிக்கொண்டிருந்தால் இந்தப் பிழை அங்கே தலைகாட்டாது. அது அணைக்கப்பட்டிருக்கும் சர்வரில் ஏற்றியதும்தான் வெளிவரும்.

செஷனுக்கு ஆயுளும் உண்டு. பிஎச்பியின் இயல்பு அமைப்பில் 1440 விநாடிகள், அதாவது 24 நிமிடங்கள் தொடப்படாமல் கிடக்கும் செஷன் குப்பையாகக் கருதப்பட்டு அழிக்கப்படலாம். சான்றிதழ்களைத் தேடி எடுத்து நிதானமாக நிரப்ப வேண்டிய நீண்ட படிவத்துக்கு 24 நிமிடம் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களில் தளம் இயங்கினால், முதல் கோரிக்கை ஒரு சர்வருக்கும் அடுத்தது இன்னொன்றுக்கும் போய், அங்கே செஷன் கோப்பே இல்லாமல் இருக்கும். அப்போது செஷனை, எல்லாச் சர்வர்களும் அணுகக்கூடிய ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு போன்ற பொது இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' போன்ற ஒற்றை வரிச் செய்திக்கு ஃபிளாஷ் என்ற முறை இருக்கிறது: செஷனில் எழுது, அடுத்த பக்கத்தில் படித்த உடனே அழித்துவிடு. லாராவெல், ரெயில்ஸ், ஜாங்கோ ஆகிய நிரல் சட்டகங்கள் எல்லாவற்றிலும் இது தயாராகவே இருக்கிறது. ஆனால் பயனர் பார்க்க வேண்டிய விவரங்களை ஃபிளாஷில் வைக்காதீர்கள். பக்கத்தைப் புதுப்பித்த நொடியில் அவை மறைந்துவிடும், பதிவு ஆகவில்லையோ என்று பயந்து அவர் மறுபடி படிவத்தை நிரப்புவார்.

முகவரியிலேயே எல்லாத் தரவையும் ஒட்டி அனுப்பலாமே என்றால், தேடல் சொல், பக்க எண், வரிசைப்படுத்தும் முறை போன்றவற்றுக்கு அதுவே நல்ல இடம். தனிப்பட்ட விவரங்களுக்கு அது மிக மோசமான இடம். முகவரி உலாவியின் வரலாற்றில் தங்கும், சர்வரின் பதிவேட்டில் எழுதப்படும், பக்கத்தில் நீங்கள் சேர்த்திருக்கும் வெளியார் ஸ்கிரிப்ட் எதுவும் அதைப் படிக்கலாம். அளவுச் சிக்கலும் இருக்கிறது. அப்பாச்சி சர்வர் கோரிக்கையின் முதல் வரிக்கு இயல்பாக 8190 பைட்டுகள் வரைதான் இடம் தருகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது தாராளம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட்டுகள், முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு கணக்கில் 5 குறிகள் இருக்கின்றன; ஆக அந்த ஒரு சொல்லே முகவரியில் 45 எழுத்துகளாக விரிந்துவிடும். ஒரு பத்தி நீளக் கருத்துரையை இப்படி அனுப்பினால் முகவரி மிக நீளம் என்று சொல்லும் 414 என்ற பிழை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மறைந்த புலங்கள் பலகட்டப் படிவங்களில் பழங்காலம் முதல் இருந்துவருகின்றன. முதல் கட்டத்தில் நிரப்பியதை இரண்டாவது கட்டத்தின் படிவத்துக்குள் மறைத்துவைத்து மறுபடி அனுப்பும் உத்தி அது. செயல்படும், ஆனால் 'மறைந்த' என்பது திரைக்கு மட்டுமே பொருந்தும் சொல். டெவலப்பர் டூல்ஸைத் திறந்து மறைந்த புலத்தில் இருக்கும் விலையை 5000லிருந்து 5 ஆக்கிவிட்டு அனுப்புவதற்கு அரை நிமிடம் போதும். அப்படி வெளியே போய்த் திரும்பும் மதிப்பை நம்பியே ஆக வேண்டுமென்றால் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பி, திரும்பும்போது அதைச் சரிபார்க்க வேண்டும். கையொப்பம் மாற்றத்தைத்தான் காட்டிக்கொடுக்கும், உள்ளடக்கத்தை மறைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். பலகட்டப் படிவத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது வேறு: முதல் கட்டத்திலேயே 'வரைவு' என்ற நிலையோடு தரவுத்தளத்தில் ஒரு வரியை உருவாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அதைப் புதுப்பித்து, கடைசியில் நிலையை மட்டும் மாற்றிவிடுவது. அந்த வரைவின் டோக்கன் ஒவ்வொரு கட்டத்தின் முகவரியிலும் இருக்கும். முன்பொருமுறை வரைவுகளைச் செஷனில் ஒரே பெயரில் வைத்திருந்தேன். ஒருவர் இரண்டு டேப்களில் இரு பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களை ஒரே நேரத்தில் நிரப்ப, ஒருவரின் பெயரும் மற்றவரின் பிறந்த தேதியும் கலந்த ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. செஷன் உலாவிக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று இல்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கோப்புப் பதிவேற்றத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பிஎச்பி பதிவேற்றப்பட்ட கோப்பைத் தற்காலிக இடத்தில் வைத்து, அந்தக் கோரிக்கை முடிந்ததும் அழித்துவிடுகிறது. தற்காலிகப் பாதையைச் செஷனில் எழுதிவைத்து அடுத்த பக்கத்தில் தேடினால் அங்கே எதுவும் இருக்காது. அந்தக் கோரிக்கையிலேயே உங்கள் கோப்புறைக்கு நகர்த்திவிட வேண்டும்.

இனி நான் அறிந்தவற்றிலேயே மிகவும் அலைக்கழித்த வகை: பயனர் உங்கள் தளத்திலிருந்து கட்டணம் செலுத்த வேறொரு தளத்துக்குப் போய், அங்கிருந்து போஸ்ட் முறையில் திரும்பி வருவது. ஒரு திட்டத்தில் நாங்கள் சோதித்தபோதெல்லாம் சரியாக இயங்கியது. வெளியிட்ட பிறகு சிலருக்கு மட்டும், பணம் கட்டித் திரும்பியதும் உள்நுழைவுப் பக்கம் வந்து நின்றது. காரணம், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று தீர்மானிக்கும் சேம்சைட் பண்பு. 2020 பிப்ரவரியில் வெளிவந்த குரோம் 80 முதற்கொண்டு, அந்தப் பண்பைக் குறிப்பிடாத குக்கிகள் லாக்ஸ் என்று கொள்ளப்படத் தொடங்கின. லாக்ஸ் குக்கி, வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையோடு போகாது. குக்கி இல்லாமல் வந்த கோரிக்கையைப் பார்த்த எங்கள் நிரல் புதிய செஷனைத் தொடங்கி, புதிய குக்கியைக் கொடுத்து, பழையதை மேலெழுதிவிட்டது. சோதனையில் ஏன் தெரியவில்லை? பண்பு குறிப்பிடாத குக்கி உருவாகி 2 நிமிடங்களுக்குள் இருந்தால் அத்தகைய போஸ்டோடும் அதை அனுப்ப குரோம் ஒரு விலக்கு வைத்திருந்தது. நாங்கள் உள்நுழைந்த வேகத்தில் சோதனை அட்டை எண்ணை ஒட்டிவிட்டுத் திரும்பினோம். உண்மையான பயனர்கள் அட்டையைத் தேடி எடுத்து, ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரக் காத்திருந்து, அதன் பிறகே திரும்பினார்கள்.

தீர்வு இந்தப் பதில் முழுக்கச் சொல்லிவருவதுதான். திரும்பி வரும் போஸ்டை வாங்கும் கோப்பு செஷனைத் தொடவே கூடாது. அனுப்பப்பட்ட ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் சரிபார்த்து, தொகை நம் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்து, முடிவைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, 303 கொடுத்து நம் தளத்தின் கெட் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அந்த இரண்டாவது கோரிக்கை முழுப்பக்கக் கெட் என்பதால் லாக்ஸ் குக்கியும் கூடவே வரும், பழைய செஷன் அப்படியே இருக்கும்.

303 கொடுத்துவிட்டால் இரட்டைப் பதிவு முற்றிலும் ஒழிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். புதுப்பிப்பதால் வரும் இரட்டைப் பதிவை அது தடுக்கும். பொறுமையிழந்து பொத்தானை இருமுறை அழுத்துவதால் வருவதைத் தடுக்காது. படிவத்தைக் காட்டும்போதே ஒருமுறைக்கான டோக்கன் ஒன்றை அதில் வைத்து, தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசைக்குத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள். இரண்டாவது கோரிக்கை எழுத முயலும்போது தரவுத்தளமே மறுத்துவிடும். அப்போது பிழை காட்டாமல், ஏற்கெனவே சேர்ந்த பதிவின் நன்றிப் பக்கத்துக்கே அவரையும் திருப்பிவிடலாம். பொத்தானை ஜாவாஸ்கிரிப்டில் முடக்குவது பயனரின் மன அமைதிக்கு நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

சரிபார்ப்பில் தவறு கண்டால் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிரப்பியவற்றைச் செஷனில் வைத்துப் படிவத்துக்கே திருப்பிவிடுவோர் இருக்கிறார்கள். நான் திருப்பிவிடுவதில்லை, எதுவும் சேமிக்கப்படாததால் புதுப்பித்தாலும் கெடுதல் இல்லை, எனவே அதே மறுமொழியில், அனுப்பிய தரவை ஏற்க முடியவில்லை என்று பொருள்படும் 422 குறியீட்டோடு பிழைச் செய்திகளும் நிரப்பிய மதிப்புகளுமாகப் படிவத்தை மறுபடி காட்டிவிடுகிறேன். எந்த வழியானாலும் கடவுச்சொல்லை மட்டும் திருப்பி நிரப்பக் கூடாது.

ஆக உங்கள் நிரலில் மாற்ற வேண்டியவை சிலவே. 'சேமி' கோப்பின் முதல் வரியில் செஷனைத் தொடங்குங்கள். தரவுத்தளத்தில் எழுதியதும் கிடைக்கும் பதிவு எண்ணைச் செஷனில் வையுங்கள். 303 குறியீட்டோடு நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு எக்ஸிட் எழுதுங்கள். நன்றிப் பக்கத்தில் செஷனைத் தொடங்கி, எண் இருந்தால் அதற்குரிய பெயரைத் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். எண் இல்லாமல் யாராவது நேரடியாக அந்த முகவரிக்கு வந்தால் படிவத்துக்கு அனுப்பிவிடுங்கள். பெயரை அச்சிடும் இடத்தில் எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்யும் ஹெச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் செயற்கூறின் வழியே அச்சிடுங்கள். பெயர்ப் புலத்தில் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஒரு பதிவை அனுப்பி, நன்றிப் பக்கத்தை ஐந்து முறை புதுப்பித்து, ஒருமுறை பின்னே போய் முன்னே வந்து, தரவுத்தள அட்டவணையைத் திறந்து பாருங்கள். அதில் ஒரே ஒரு வரிதான் சேர்ந்திருக்க வேண்டும், பெயர் ஒவ்வொரு முறையும் திரையில் இருந்திருக்க வேண்டும்.